நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க

“எனக்கு எழுதறதுக்கு ஒரு ஆளையும் குடுத்து, கையக் கட்டிட்டுச் சும்மா உக்காந்து வாயில சொல்லுன்னா, மூணு மணி நேரப் பேப்பரை ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுப்போட்டு எந்திரிச்சு வந்துருவேன் பாருங்க. கூடுதல் நேரமா? எனக்கா? அது கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாது!”

திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, மூன்று பக்கம் மக்காச்சோளக் காடும், காற்றடிக்கிற பக்கமாகப் பார்த்து ஒரு கோழிப்பண்ணையும் சூழ அமைந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கூட்ட அறையில், மேசையை ஒரு தட்டு தட்டி இந்த வீர முழக்கத்தைச் செய்தவர் முனைவர் நாச்சிமுத்து. இயந்திரவியல் துறைத் தலைவர். அதைவிட முக்கியமாக, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு எந்த வசதியைச் செய்து தருவது நியாயம், எது நியாயமில்லை என்று தீர்மானிக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்த முழக்கம் எங்கே போய் நின்றது என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் அவர் எந்த இனம் என்று தெரிந்துகொள்வது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது. ஏனென்றால் இது ஒன்றும் அருகி வரும் இனம் இல்லை.

இந்த இனத்துக்கு ‘நாளைக்காரர்’ என்று பெயர் வைப்போம்.

நீங்களும் நானும் இன்றைய தேதியில் வாழ்கிறோம். நாளைக்காரர் அப்படியில்லை. அவரிடம் போய் ஒருவர் ஒன்றைக் கேட்டால், கேட்டவரை அவர் பார்க்க மாட்டார். கேட்டவரின் தோளுக்குப் பின்னால், அதே பொருளை நாளைக்குக் கேட்பதற்காக வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, புறவழிச் சாலை வரைக்கும் வளைந்து நிற்கப்போகிற ஒரு வரிசையைப் பார்ப்பார். பார்த்து நடுங்குவார். நடுங்கிவிட்டுச் சொல்வார்: “இன்னைக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

சேலத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், முழங்கால் தேய்ந்துபோன ஓர் அம்மாள் மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி போட்டுத் தரச் சொன்னார். சங்கச் செயலாளர் நாளைக்காரர். “ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களேம்மா!” என்றார். எல்லாரும் கேட்டால் என்ன ஆகும்? எல்லாரும் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரே கைப்பிடிதானே? இந்தக் கணக்கை இன்றுவரை எந்த நாளைக்காரரும் போட்டுப் பார்த்ததில்லை.

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கமானவர். ரத்ததானம் செய்வார். வழியில் யாராவது விழுந்து கிடந்தால் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். தானமாகக் கேட்டால் சட்டையைக்கூடக் கழற்றித் தருவார். உரிமை என்று கேட்டால்தான் குழு போடுவார்.

அந்தக் குழுவுக்கு முன்னால் போய் நிற்பதற்கும் ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் உபசாரம். “உக்காரு சாமி” என்பார் நாச்சிமுத்து, உருகி. சக்கர நாற்காலியில் வந்தவரிடமும் அதே உருக்கத்தோடு “உக்காரு சாமி” என்பார். அடுத்தது பெரியப்பா மகன். “எங்க பெரியப்பாரு மகன் ஒருத்தன் எருமப்பட்டில இருந்தான். ஒரு கை கிடையாது. அந்த ஒத்தக் கையிலயே லாரி ஓட்டிட்டு அஸ்ஸாம் வரைக்கும் போயிட்டு வந்தான். யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. மனசு வேணும் சாமி, மனசு.” இந்த ஒற்றைக் கைப் பெரியப்பா மகனை இதுவரை யாரும் நேரில் கண்டதில்லை. ஆனால் எல்லா நாளைக்காரர்களுக்கும் ஒருவர் இருக்கிறார். சிலருக்கு அவர் கண் தெரியாமல் தறி ஓட்டுகிறார், சிலருக்குக் கால் இல்லாமல் கொல்லிமலை ஏறுகிறார்; எந்தப் பிள்ளை எதைக் கேட்டு வந்தாலும் அதற்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதாக வருவதுதான் பிரம்மாஸ்திரம். “உனக்குச் செஞ்சு குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிடாதா?”

யார் அந்த மற்றவர்கள்? அவர்களில் ஒருவராவது எப்போதாவது வந்து, ஐயோ அநியாயம் என்று அழுதிருக்கிறாரா? கிடையாது. மற்றவர்கள் எல்லாரும் கேன்டீனில் பரோட்டா தின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக நாச்சிமுத்து இங்கே தனியாக நின்று போராடிக்கொண்டிருக்கிறார்.

அதற்காகக் குழு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பார்வை மங்கிய ஒரு மாணவன், கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் கேட்டான். குழு கூடி, விவாதித்து, மறுபடி கூடி, பெரிய தாளாகவே கொடுத்தது. தாள் பெரிதாயிற்று, எழுத்து பழைய அளவிலேயே நின்றது. நாலா பக்கமும் வெள்ளையாக இடம் மட்டும் வந்தது. “அதுல அவன் தாராளமா கை வெச்சுக்கலாமே” என்றார் தலைவர். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒரு மின்தூக்கி வாங்கினார்கள். எல்லாரும் ஏறி விளையாடுவார்கள் என்று அதற்குப் பூட்டும் போட்டார்கள். சாவி இருப்பது மூன்றாம் மாடி அலுவலகத்தில். ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்பேர்ப்பட்ட நாச்சிமுத்துவுக்கென்று ஏதாவது தனி வசதி உண்டா என்று கேட்பீர்கள். சேச்சே. அவருடைய வகுப்புகள் எல்லாம் தரைத்தளத்தில் நடக்கின்றன; அது அவருக்கு மூட்டு வலி என்பதால். மதியத்துக்குப் பிறகு அவருக்கு வகுப்பு கிடையாது. அது அவருக்குச் சர்க்கரை என்பதால். வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமரத்து நிழல் அவருக்கு. அது மரம் அங்கே இருப்பதால். இதற்கெல்லாம் சலுகை என்று யாராவது பெயர் வைப்பார்களா? இதற்குப் பெயர் நடைமுறை.

இந்தக் குழுவுக்கு முன்னால்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மோகனப்பிரியா வந்து நின்றாள்.

குமாரபாளையத்துத் தறிக்கார வீட்டுப் பெண். இயந்திரவியல் கடைசி ஆண்டு. பிறவியிலேயே கைகளில் வலு குறைவு. மௌஸைப் பிடித்துக் கணினியில் பம்பு வரையச் சொன்னால் விரல்கள் சொன்னபடி கேட்கும். பேனாவைக் கொடுத்தால் நாலு வரிக்குள் வேலைநிறுத்தம் செய்துவிடும். கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்று அவள் வரைந்ததைப் பார்த்து அசந்துபோய், வேலைக்கு வா என்றுவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, அரியர் எதுவும் இருக்கக் கூடாது. அவளுக்கு அரியர் ஒன்றே ஒன்றுதான். வெப்பப் பொறியியல். நாச்சிமுத்துவே நடத்துகிற பாடம். அதற்கான தேர்வு அடுத்த வாரம். அதில் தேறாவிட்டால் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும்.

அறையில் தலைவரைத் தவிர இருவர் இருந்தார்கள். ஒருவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வசந்தாமணி. விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர், சிரிப்பதை விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பவர். மற்றவர் வேந்தர் காளியண்ணன். வேந்தர் என்றதும் மகுடத்தைத் தேடாதீர்கள். இருபது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை வடநாடு முழுக்க ஓட்டிச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் பல்கலைக்கழகம் கட்டியவர். குழுக் கூட்டங்களில் அவர் பேசுவதே இல்லை. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பூமிக்கடியில் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்பவர் போல உட்கார்ந்திருப்பார்.

“உக்காரு சாமி” என்றார் நாச்சிமுத்து. “உனக்குப் பரீட்சை எழுதறதுக்கு ஆளு குடுக்கறோம். விதிப்படி ஒரு மணி நேரம் கூடவும் குடுக்கறோம். அப்பறமும் மனுப் போட்டா என்ன அர்த்தம்?”

“ஆளு குடுக்கறீங்க சார். ஆனா வேற துறை ஆளாக் குடுக்கறீங்க. போன தடவை வந்த அக்கா வரலாறு படிக்கறவங்க. ரொம்ப நல்லவங்க. கேள்வித்தாள்ல இன்டெக்ரல் குறியைப் பாத்துட்டு, இதுல யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்கன்னு மேற்பார்வையாளரக் கூப்பிட்டுப் புகார் சொன்னாங்க.”

வசந்தாமணி குனிந்து விதிப் புத்தகத்தைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“எனக்குப் பதில் தெரியும் சார். அதை எப்பிடி எழுதோணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுலயே நேரமெல்லாம் போயிருச்சு. நம்ம துறையில ரெண்டாம் வருசம் படிக்கற புள்ள ஒருத்தரைக் குடுங்க, குறியெல்லாம் தெரிஞ்சவங்களா. பரீட்சைக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் அவங்களோட பழகிப் பாத்துக்கறேன். அவ்வளவுதானுங்க சார்.”

“அதெப்பிடி சாமி? நம்ம துறை ஆளக் குடுத்தா அவனே பதிலை எழுதிருவானே?”

“சார், அவங்க உங்க கிளாஸ்ல படிக்கறவங்க. பதில் தெரிஞ்சிருக்கும்னு நீங்களே நம்பறீங்களா?”

வேந்தரிடமிருந்து ஒரு செருமல் வந்தது. தலைவர் அதைச் சளி என்று எடுத்துக்கொண்டார்.

“இத பாரு. உன் மேல எனக்குப் பாசம் இல்லாம சொல்லல. இன்னைக்கு நீ தெரிஞ்ச ஆளக் கேப்ப. நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

“எல்லாருக்கும் கை நல்லா இருக்குதுங்களே சார். எதுக்குக் கேப்பாங்க?”

“எதுக்கா? ஆளு வெச்சு எழுதறது அவ்வளவு சொகம் சாமி! நீ பாட்டுக்கு ராணி மாதிரி உக்காந்துட்டு வாயில சொல்ற, ஒருத்தி எழுதறா. கை வலி இல்ல, முதுகு வலி இல்ல. மத்த புள்ளைக நெலமைய நெனச்சுப் பாரு.” இங்கேதான், மற்ற பிள்ளைகளின் துயரம் தாங்காமல், மேசையைத் தட்டி, தொடக்கத்தில் நீங்கள் படித்த அந்த முழக்கத்தைச் செய்தார்.

முழக்கம் ஓய்ந்தது. மோகனப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காளியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இந்த ஊர்ப் பக்கம் ரிக் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று நிலத்துக்குச் சொந்தக்காரரும் நீரோட்டம் பார்ப்பவரும் அரைநாள் வாதாடினாலும் ரிக் முதலாளி வாயைத் திறக்க மாட்டார். வாதம் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஓட்டச் சொல்லிவிடுவார். வாதத்தை முடித்துவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, துளை போட்டுப் பார்ப்பது.

“ஏனுங்க நாச்சிமுத்து, ஒன்றரை மணி நேரம்னா சொன்னீங்க?”

“ஆமாங்கய்யா. சும்மா ஒரு பேச்சுக்கு…”

“பேச்செல்லாம் எதுக்குங்க. போட்டுப் பாத்துருவோம். அம்மிணி எழுதின அதே பேப்பரு. வசந்தாமணி அம்மா, வேற துறைப் புள்ள ஒண்ணைக் கூப்பிடுங்க. நீங்க வாயில சொல்லுங்க, அது எழுதட்டும். ஒன்றரை வேண்டாம், மூணு மணி நேரமே எடுத்துக்கங்க. முடிச்சுட்டீங்கன்னா மனு தள்ளுபடி. முடியலீன்னா, அம்மிணி கேட்டதை அப்பிடியே குடுத்துருங்க. என்னம்மிணி, சம்மதமா?”

மோகனப்பிரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சொந்தப் பாடத்தில், தானே தயாரித்த கேள்வித்தாளில் ஒரு பேராசிரியர் தோற்பார் என்று நம்பி வேலையைப் பணயம் வைப்பதா? ஆனால் வேறு வழி இருக்கிறதா? “சரிங்கய்யா” என்றாள்.

நாச்சிமுத்து சிரித்தே விட்டார். முப்பது வருடமாக நடத்துகிற பாடம். மறுநாள் காலை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு தேர்வறைக்கு வந்தார்.

எழுத வந்தவள் பெயர் அகல்யா. மல்லசமுத்திரத்துப் பெண், பி.காம். முதலாண்டு. நல்ல கையெழுத்து, கெட்டியான நேர்மை. வசந்தாமணி நின்றுகொண்டு விதியை ஒப்பித்தார்: எழுதுபவர், சொன்னதை மட்டுமே எழுத வேண்டும், சொல்லாததை எழுதக் கூடாது. சொல்பவர், பேனாவையும் விடைத்தாளையும் தொடவே கூடாது. “கையை மடியில வெச்சுக்கங்க சார்.” மோகனப்பிரியாவும் வேந்தரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மணி அடித்தது.

முதல் கேள்விக்கு ஆட்டோ சுழற்சியின் படம் வரைந்து, அதன் திறனுக்குச் சூத்திரம் எழுத வேண்டும். பெட்ரோல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் படம். வளைகோடு இரண்டு, நேர்க்கோடு இரண்டு, அவ்வளவுதான். நாச்சிமுத்து இதைத் தூக்கத்தில் வரைவார். தூக்கத்தில் வரைவாரே தவிர, தூக்கத்திலும் இதுவரை வாயால் சொன்னதில்லை.

“எழுதிக்க சாமி. படம். இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ ஒரு வளைவு வரட்டும்.”

“எவ்வளவு வளையோணுங்க சார்?”

“சுமாரா. தொப்பை உள்பக்கமா இருக்கோணும்.”

“யாரு தொப்பைங்க சார்?”

“வளைவோட தொப்பை!”

அகல்யா தொப்பையோடு ஒரு வளைவு போட்டாள். நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். தொப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அழித்து, திருப்பிப் போட்டு, இரண்டாவது வளைவை முதல் வளைவுக்கு மேலே என்று சொல்லி, மேலே என்றால் ஒட்டியா ஒட்டாமலா என்று அவள் கேட்டு, ஒட்டாமல் என்று இவர் சொல்லி, அப்படியென்றால் எவ்வளவு தள்ளி என்று அவள் கேட்டு, ஒருவழியாகப் படம் முடிந்தபோது அது பாதி உரித்த வாழைப்பழம் போல இருந்தது. இவருடைய வலது கை மடியிலிருந்து தானாகவே கிளம்பிப் பேனாவை நோக்கிப் போயிற்று.

“சார், கை” என்றார் வசந்தாமணி.

கை திரும்பி வந்தது. சூத்திரத்துக்குப் போனார்.

“ஈட்டா ஈக்குவல் டு ஒன் மைனஸ், ஒன் பை ஆர் பவர் காமா மைனஸ் ஒன்.”

அகல்யா பேனாவை எடுத்தாள், வைத்தாள். “ஈட்டான்னா எப்பிடிங்க சார் இருக்கும்?”

“சின்ன எழுத்து n மாதிரி. ஒரு கால் மட்டும் நீளமா எறங்கி இருக்கும்.”

“எந்தக் காலுங்க?”

“வலது கால்.”

“காமாங்க?”

நாச்சிமுத்து யோசித்தார். முப்பது வருடமாக எழுதிய எழுத்து. அது எப்படி இருக்கும் என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. “மீனு மாதிரி இருக்கும் சாமி.”

“தலை எந்தப் பக்கமுங்க?”

“தலை கீழ. வாலு மேல.”

“சரிங்க சார். மீனு எங்க நிக்கோணும்?”

“ஆர் தலைமேல.”

“அந்த மைனஸ் ஒன்னும் தலைமேலயா, இல்ல கீழ எறங்கிருதுங்களா?”

கடைசி வரிசையில் யாரோ மூச்சை அடக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வேந்தராகத்தான் இருக்க வேண்டும். மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன தேர்வில் அவள் இதே காமாவைத் தலைகீழாகத் தொங்கவிட்ட ரிப்பன் முடிச்சு என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, மணிதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் அவள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஒரு கணக்கு. இங்கேதான் எதிர்பாராத ஒரு விபத்து நடந்தது. நாச்சிமுத்துவுக்குக் கணக்கு வரவில்லை. பேனா இல்லாமல் ஓர் எண் நினைவில் நின்றால் அடுத்தது விழுந்தது. அடுத்ததைக் குனிந்து எடுத்தால் முந்தையது ஓடியது. ஓரத்தில் எழுதிக்கொள் என்றார். எந்த ஓரம் என்றாள். பெருக்கச் சொன்னார், சொல்பவர்தான் பெருக்க வேண்டும் என்று விதியை நினைவூட்டினார் வசந்தாமணி. காற்றிலே விரலால் எழுதிப் பெருக்கிப் பார்த்தார். காற்றில் எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த மாபெரும் உண்மை வெளிப்பட்டது: முனைவர் நாச்சிமுத்துவின் வெப்பப் பொறியியல் அவருடைய மூளையில் இல்லவே இல்லை. அது இத்தனை வருடமாக அவருடைய வலது கையில்தான் குடியிருந்திருக்கிறது. மூளை வாடகை மட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

“சார், கை.”

ஒன்றரை மணி நேரம் ஆனபோது ஐந்தாவது கேள்வியில் இருந்தார். இரண்டு மணி நேரம் ஆனபோதும் ஐந்தாவது கேள்வியில்தான் இருந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தொண்டை கட்டியது. ஆளை வைத்து எழுதினால் கை வலிக்காது என்பது உண்மைதான், அந்த வலி தொண்டைக்கு வந்துவிடுகிறது. வெளியே வராந்தாவில் பையன்கள் சிரித்துக்கொண்டு போனபோது, சொல்லிக்கொண்டிருந்த சமன்பாடு நடுவிலே அறுந்து எங்கேயோ விழுந்தது. அகல்யாவுக்கும் பாவம், கண் கலங்கிவிட்டது. “நான் தப்புப் பண்றனுங்களா சார்?” “இல்ல சாமி, நீ எழுது” என்றார். குரலில் இப்போது உபசாரம் இல்லை. கெஞ்சல் இருந்தது.

மணி அடித்தது. பத்துக் கேள்விகளில் ஆறு முடிந்திருந்தது. ஏழாவது பாதியில் நின்றது.

நாச்சிமுத்து எழுந்து நின்றார். முகம் சிவந்துபோய் வெடித்தார்.

“இது நியாயமே இல்லீங்கய்யா! எனக்கு அத்தனை பதிலும் தெரியும். ஒவ்வொண்ணும் தெரியும். எழுத வந்த புள்ளைக்குக் குறி தெரியல, அதுக்கு நான் என்ன பண்றது? பாதி நேரம் மீனுக்கே போயிருச்சு! நம்ம துறையில படிக்கற ஒரு ஆளைக் குடுத்திருந்தா, முந்தின நாள் ஒரு மணி நேரம் அவனோட உக்காந்து பழகிப் பாத்திருந்தா…”

அத்தோடு நின்றார்.

வசந்தாமணி, விதியைப் பார்க்காமலேயே சிரித்தார்.

“அதைத்தானுங்க சார் நான் மனுவுல எழுதியிருந்தேன்” என்றாள் மோகனப்பிரியா. “நீங்க என்னைவிட நல்லாச் சொல்றீங்க.”

காளியண்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “தண்ணி வந்துருச்சுங்க. கையெழுத்துப் போட்டுருங்க.”

நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். மூன்று மணி நேரப் பிரிவுக்குப் பிறகு பேனா கையில் வந்ததும் அந்தக் கைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர், முந்தின நாள் ஒரு மணி நேரப் பயிற்சி, இரண்டும் அனுமதி. ஆனால் நாளைக்காரர் நாளைக்காரர்தானே? கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘இது இந்த ஒரு முறைக்கு மட்டும், இதை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது.’ வசந்தாமணி அந்த வரியைப் படித்தார். இப்படி ஒரு வரி போட விதியில் இடமில்லை என்று சொல்லி, அவர் கண் முன்பாகவே அதை அடித்தார். மோகனப்பிரியா தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆள் தேடுவதற்காக ஆய்வுக்கூடத்துப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினாள்.

இத்தனை நேரமும் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்தேன். நாச்சிமுத்துவைப் போல நம் தெருவில் யார் என்று ஒரு முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தும் விட்டீர்கள். நல்லது. இப்போது வேறொன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில், காது சரியாகக் கேட்காத ஒரு சக ஊழியர், கூட்டத்தில் பேசுவதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னபோது, “ஒண்ணுமில்ல, விடுங்க” என்றவர் யார்? கோயில் கமிட்டியில் சாய்தளம் போடலாமா என்று பேச்சு வந்தபோது, “வர்றதே ரெண்டு பேரு” என்றவர் யார்? சாய்தளம் இல்லாததால்தான் இரண்டு பேர் வருகிறார்கள் என்பது அப்போது தோன்றியதா? பேருந்தில் ஊன்றுகோலோடு ஏறிய இளைஞரைப் பார்த்து, இருக்கையைக் கொடுப்பதற்கு முன்னால், நிஜமாகவே முடியாதவர்தானா என்று மேலும் கீழும் ஒரு பரிசோதனை நடத்தியது எந்தக் கண்? அவசரமில்லை. மெதுவாக யோசித்துச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வறையில் கடைசியாக நடந்ததைச் சொல்லவில்லையே. வேந்தரும் போய்விட்டார். வசந்தாமணி விடைத்தாளைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பப் போனார். நாச்சிமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை. அகல்யாவையும் போக விடவில்லை.

“மேடம்” என்றார், மிகத் தாழ்ந்த குரலில். “அந்த ஏழாவது கேள்வி பாதியில நிக்குது. எனக்குத் தெரிஞ்ச கேள்விங்க. மார்க்குக்கெல்லாம் இல்ல. ஒரு அரை மணி நேரம் மட்டும் கூடக் குடுத்தீங்கன்னா…”

வசந்தாமணி அவரைப் பார்த்தார். கட்டைப் பிரித்து, விடைத்தாளை மேசையில் வைத்தார்.

“எழுதிக்க சாமி” என்று தொடங்கிய நாச்சிமுத்து, கைகளைத் தானாகவே மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினார்.

“மேடம், போறப்ப அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திட்டுப் போயிருங்க. வராந்தாவுல சத்தம். எனக்கு யோசனை ஓட மாட்டேங்குது.”